ஜூஜுவாடி ஷெட்டிலிருந்து ஏரிக்குப் போன பன்னிரண்டடிப் படகு

பெரியப்பா தன் மரப்படகைச் சுமதி அக்காவுக்குக் கொடுத்துவிட்டார் என்பது அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே அதை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டவள் நான். அன்றிலிருந்து மரப்படகுகளைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவளும் நான். சுமதி அக்கா என் சித்தப்பா மகள். அவளுக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஆனால் அவள் இருப்பது ஓசூரில். படகு இருந்ததோ அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் பெரியப்பாவின் ஷெட்டில். அவர் ஷெட்டை விற்றுவிட்டார். ஜனவரி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். பக்கத்தில் இருந்தவளுக்குப் படகு போயிற்று. காரணம் நியாயமாக இருந்தால் வயிற்றெரிச்சல் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"ஞாயித்துக்கெழமை ஏரில விடறோம். வந்து ஒரு கை குடுடி" என்று கூப்பிட்டாள். போனேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.40க்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். ஓசூரில் இறங்கும்போது 9.25. டிக்கெட் 170 ரூபாய். ஜனவரியில் ஓசூர் குளிர் விளையாட்டில்லை, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் கேட்டார், பிறகு தெலுங்கில், கடைசியில் தமிழில்.

"ஜூஜுவாடியா? எந்தக் கம்பெனிக்கா?"

"கம்பெனி இல்லண்ணா. ஒரு ஷெட். உள்ளே படகு இருக்கும்."

"படகா? பார்டர்ல கண்டெய்னர் வரிசையா நிக்கும், பாத்திருக்கறன். கடல் எப்பக்கா வந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே 150 ரூபாய் வாங்கினார்.

படகு எட்டு பழைய டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு அடி நீளம், தேக்குப் பலகைகள், செம்பு ஆணிகள். ஏதோ ஒரு மலையூர்ப் படகுத் துறையில் பெரியப்பா ஏலத்தில் எடுத்தது; இருபது வருடங்களுக்கு மேலாகத் தண்ணீரைப் பார்க்கவில்லை. தார்ப்பாயை விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். காய்ந்து சுருங்கிய பலகைகளின் நடுவே கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தது. அழகாக இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

சுமதி அக்காவின் கணவர் பிரகாஷ் மாமா ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை செய்கிறார். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அப்படி ஒருவர் இருப்பார். இரண்டு பாகங்களுக்கு நடுவில் இடைவெளி என்றால் அவர்களுக்கு அது குறை. அளந்து அடைத்தே ஆக வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை விட்டு மாமா ஒவ்வொரு இடுக்கையும் அளந்து, பக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்: 1.8, 2.2, 2.0.

"நாளைக்குக் காலையில லாரி கேபினுக்குப் போடற பட்டியை வெச்சு ரொப்பிட்டா கல்லு மாதிரி ஆயிடும். ஒரு சொட்டு உள்ள வராது" என்றார்.

தவறு எங்கே என்று எனக்கு அப்போதே தெரியும். காய்ந்த மரம் தண்ணீரில் ஊறினால் உப்பும். இடுக்குகள் தாமாகவே மூடிக்கொள்ளும். நடுவில் கல் மாதிரி ஒன்று இருந்தால் உப்புகிற பலகைக்குப் போக இடமில்லை. அது உள்ளே இருக்கும் விலா எலும்பு போன்ற சட்டங்களை முறித்துவிடும். ஏரியில் விட்ட சில நாட்களில் படகு பாழாகிவிடும்.

நான் டீயைக் குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் நிலைக்க வேண்டாம் என்று இருந்தது.

சனிக்கிழமை காலை பட்டியைக் குழைத்துக் கொடுத்ததும் நான்தான். மூன்று இடுக்குகள் முடிந்தன. நான்காவதற்குப் போகும்போது மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீதான் நிறையப் படிப்பியே. செய்யறது சரியா இருக்குதா?" என்றார். சும்மா கேட்ட கேள்விதான். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். சுமதி அக்கா நிதானமாகக் கேட்டாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து."

"நேத்துன்னா?"

"சாக்பீஸ் நம்பரப் பாத்தப்பவே."

"டீ குடிச்சினு உக்காந்திருந்தியே, அப்போவா?"

"ஆமா."

"நல்லா இருக்குதுடி" என்றாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், மறுநாள் வருவதாக இருந்த உறவினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வர வேண்டாம் என்றாள். இறுகிய பட்டியை நானும் மாமாவும் உளியால் நோண்டி எடுத்தோம். மூன்று மணி நேரம் ஆனது. மூன்று இடங்களிலும் பலகையின் ஓரம் சிதைந்தது.

அடுத்த ஞாயிறு என்று முடிவானது. அக்காவுக்கும் மாமாவுக்கும் வாரம் முழுக்க ஷிப்ட். "தெரிஞ்சவ நீதானே, நீயே இருந்து தண்ணி ஊத்து" என்றாள் அக்கா. ஐந்து நாள் விடுப்புப் போட்டேன். இடுக்குகளில் பஞ்சுத் திரியை இலேசாகச் செருகினேன். உள்ளே ஈரச் சாக்குகளை விரித்துக் காலையும் மாலையும் நனைத்தேன். புதன்கிழமை முதல் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் ஊற்றிய வேகத்திலேயே ஒழுகியது.

"படகா, சல்லடையா?" என்றார் ஷிப்ட் முடிந்து வந்த மாமா. ஆனால் தினமும் கேஜை எடுத்து அளந்தார். வியாழன் 0.9. வெள்ளி 0.4. சனிக்கிழமை கேஜின் மெல்லிய தகடுகூடப் பல இடங்களில் நுழையவில்லை. அவர் அதைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு 407 மினி லாரியில் படகை ஏற்றினோம். மேலே ஈரச் சாக்குகள். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாகச் சிங்காரப்பேட்டைப் பக்கம் மாமாவின் ஊர் ஏரிக்கு எங்கள் வண்டிக் கணக்கில் 114 கிலோமீட்டர், மூன்றே கால் மணி நேரம். வழியில் இரண்டு முறை நிறுத்திச் சாக்குகளை நனைத்தேன்.

படகில் இரண்டு பேர் உட்காரலாம். அக்காவும் மாமாவும் உட்கார்ந்தார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிவிட்டேன். படகு என் கையை விட்டுப் போன அந்த நொடியில், ஒரு வாரம் உழைத்த பிறகும், அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளத்தான் தோன்றியது.

பத்து அடி போயிருப்பார்கள். அக்கா இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "ஏய், கால் நனையுதுடி! தண்ணி வருது! திரும்பிடட்டுமா?"

துடுப்பைத் தூக்கியபடி மாமாவும் என்னையே பார்த்தார்.

"எவ்வளோ?" என்றேன்.

"வெரல் நனையற அளவு!"

"முதல் நாள் அவ்வளோ வரும். பயப்படாத, போ!"

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. போனாள்.

பழைய மரப்படகைத் தண்ணீரில் விடப் போகிறவர்கள் கையில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இறுகும் பட்டியைக் கிட்டே சேர்க்காதீர்கள். பன்னிரண்டு சாக்குகள் போதும். தண்ணீரை ஒரு சாணுக்கு மேல் ஊற்றினால் எடை தாங்காது. ஏரியில் இறங்கும் முன் ஊர்த் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். எங்களை இரண்டு பேர் விசாரித்தார்கள். திரும்பும்போது ஊத்தங்கரையிலிருந்து சேலத்துக்கு நேர் பஸ் உண்டு, ஓசூர் வரை போக வேண்டியதில்லை. மனசுக்குள் எரிச்சலை வைத்துக்கொண்டும் இந்த வேலையைச் செய்யலாம், நான் செய்தேன், இன்னும் அது அடங்கவில்லை. தெரிந்ததை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.