கட்டிப்போட்ட கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கழுத்தை நீட்டி மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். "ரொம்பக் கம்மியாத்தான் ஓடியிருக்கு" என்று அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்தால் எனக்கு இந்த வயதிலும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் சிறுசேரியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே வார்த்தையைச் சொல்லி, தான் வாங்கப்போகும் பழைய காரின் மீட்டர் படத்தைச் செல்போனில் என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். அவனிடம் கத்திவிட்டேன். காரணம் புரியாமல் திரும்பிப் போனான், பாவம்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற ஜட்கா வண்டிகளில் ஒன்று எங்களுடையது. என் அப்பா, நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம், அவர்தான் ஓட்டினார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களைத் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துப்போவார். மலைமேல் உச்சிவேளையில் கழுகு வந்து சோறு தின்பதை அவர்கள் பார்த்துவிட்டு இறங்கும்வரை குதிரைக்குப் புல் போட்டுக் காத்திருந்து திரும்ப அழைத்துவருவார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கழுகுகளின் புண்ணியத்தில்தான். பிறகு பஸ் அதிகமாயிற்று. பஸ் நிற்காத இடமில்லை என்றானபின் ஜட்காவில் யார் ஏறுவார்கள்? சில நாள் ஒரு சவாரிகூடக் கிடைக்காமல், காலையில் வண்டியில் போட்டுக்கொண்டு போன புல் கட்டை அத்தா அப்படியே திருப்பிக்கொண்டு வருவார்.

அண்ணன் லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவன். அவன்தான் வாடகைக் கார் பேச்சை எடுத்தான். திருக்கழுக்குன்றம் பார்த்துவிட்டு அப்படியே மகாபலிபுரம் போய்ச் சிலைகளையும் பார்க்க வேண்டும் என்கிற பட்டணத்து ஜனங்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். குதிரைக்கு அது தாங்காத தூரம். ஒரு சின்னக் கார் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் காட்டிவிட்டு ரயிலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்றான். அதற்காகக் குதிரையையும் வண்டியையும் விற்க வேண்டியிருந்தது. கருங்குழியிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அத்தா சாப்பிடவில்லை. அண்ணனுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த சமயம் அது. ஆக, இனி வரப்போகிற கார்தான் எங்கள் எல்லாருக்கும் சோறு, அதுதான் அவன் கல்யாணம். கார் சரியில்லை என்றால் திரும்பிப்போக எங்களுக்குக் குதிரையும் கிடையாது.

அத்தாவைப் போலக் குதிரை பார்க்க அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார். காலைத் தடவிப் பார்ப்பார், தெருவில் ஓடவிட்டு மூச்சைக் கேட்பார். பெரிய வீடுகளில் சும்மா கட்டிப்போட்டு வளர்த்த குதிரை என்றால் கிட்டவே போகமாட்டார். "கட்டிப்போட்ட குதிரைக்குக் காலு பூடும், மூச்சு பூடும். மேல மட்டும் பளபளன்னு கீது, அத்த வெச்சி இன்னா பண்றது?" என்பார். இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

மகாபலிபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு பங்களா இருந்தது. அதில் உத்தியோகத்தில் ஓய்வுபெற்ற பெரிய மனிதர் ஒருவர் தனியாக இருந்தார். சீமையில் செய்த சின்னக் கார் ஒன்றை வாங்கிக் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கிறார். பிறகு கண்பார்வை மங்கிப்போய் நிறுத்திவிட்டார். பல வருஷமாகக் கடலைப் பார்த்த கீற்றுக் கொட்டகையில் கார் நின்றது. அதை விற்கப்போகிறார் என்று அண்ணன் காதில் விழுந்ததும் அத்தாவும் அவனும் கிளம்பிப் போனார்கள்.

அந்த வியாபாரத்தை அண்ணன் வீட்டில் அத்தனை முறை சொல்லியிருக்கிறான், நானே கூடப் போய்வந்த மாதிரி இருக்கும். கொட்டகையில் கார் கண்ணாடி போல மின்னியதாம். "தெனிக்கும் ரெண்டு வேளை கெணத்துத் தண்ணி எறைச்சி கழுவுறேங்க, ஒரு நாள் தவறல" என்றானாம் பங்களாக் காவல்காரன். அந்தக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். காவல்காரனே குடிக்கிற தண்ணீரை ஊருக்குள்ளிருந்துதான் சுமந்து வருவான். இவர்கள் இரண்டு பேரும் அந்தக் கழுவலை மெச்சித் தலையாட்டினார்கள். அப்புறம் அண்ணன் உள்ளே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துவிட்டுக் கூவினானாம்.

"அத்தா, இத்த பாரு! ஓடவே இல்ல! புதுசு மாரி கீது!"

அத்தா குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். "பல்லு பாத்தாச்சு, எளசு தான்" என்றார். அவருக்குப் பரம திருப்தி.

ஸ்டேஷன் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் நான் வந்து பார்க்கிறேன் பாய் என்று முன்னாடியே சொல்லியிருந்தார். அத்தா வேண்டாம் என்றுவிட்டார். குதிரை வாங்கப் போகும்போது இன்னொரு குதிரைக்காரனைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. தன் கண்ணை நம்பாதவன் என்று சிரிப்பார்கள். அந்த வழக்கத்தைத் தூக்கிக் காரின் தலையில் வைத்தார் மனுஷர். குதிரைக்குக் காலைத் தடவிப் பார்த்தவர் காருக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் அவர் மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் தீரவில்லை. அப்படிச் சொல்வது பாவம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கார் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஃபாத்திஹா ஓதி, தெருவுக்குச் சர்க்கரை கொடுத்து, ஸ்டியரிங்கில் மல்லிகைச் சரம் சுற்றினோம். முதல் சவாரி எங்களுக்குத்தான். அம்மாவும் நானும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். இறங்கும்போது என் வெள்ளைத் துப்பட்டியின் ஓரமெல்லாம் பழுப்பு. காலுக்குக் கீழே இருந்த விரிப்பைத் தூக்கினால் தேங்காய்ச் சக்கை போலத் துகள் துகளாக வந்தது.

"இன்னாண்ணே இது, கொட்டுது?"

"கடக்கரை மண்ணுடி. உன் மாமியார் வூட்டுக்கு இட்டுகினு போறப்ப புது விரிப்பு போடறேன், போதுமா?"

"மண்ணு இப்டி கையில ஒட்டாது."

"கார் ஓட்டறது நானா, நீயா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. துப்பட்டியை அம்மா எத்தனை துவைத்தும் அந்தக் கறை போகவில்லை.

இரண்டு மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. அதையும் சொல்ல வேண்டும். ரயில் வந்தால் அண்ணன் காரைத்தான் முதலில் கேட்டார்கள். இரவில் வந்து காலை நீட்டிக்கொண்டு கழுகு கதையும் சவாரிக்காரர்கள் கதையும் சொல்லுவான், அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கல்யாணத் தேதி வைத்துவிட்டார்கள். குதிரை நின்ற லாயத்தில்தான் இப்போது கார் நின்றது; அத்தா பழக்கதோஷத்தில் சாயங்காலம் உள்ளே போய் அதன் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்துவிட்டு வருவார்.

அன்றைக்கு மகாபலிபுரத்தில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறான். ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கை அழுத்தி மிதித்தான். மிதித்த மிதியில் அடியில் ஓடும் பிரேக் குழாய் விட்டுப்போனது. நேரில் பார்த்த மாட்டுவண்டிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார்: "நிறுத்தப் பாத்தாருங்க. கையால ஆரன் அடிச்சிகினே வந்தாரு. வண்டி மேல வுட்டிருந்தா நான் செத்திருப்பேன். கரைக்குத் திருப்பிட்டாரு." கரைக்குக் கீழே பனைமரம் இருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே அண்ணன் போய்விட்டான். என்னை விட நாலு வயதுதான் பெரியவன்.

போலீஸ் பார்த்து முடித்த பிறகு காரைக் கட்டை வண்டியில் ஏற்றி எங்கள் லாயத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அண்ணனின் மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் காலையில் அத்தா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதன் அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்து உள்ளே போனார். நான் வாசல்படியில் நின்றேன். அவர் விரலால் அழுத்துகிற சத்தம் கேட்டது. அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம். ஒவ்வொரு துண்டாக வெளியே வந்து விழுந்தது. எல்லாம் என் துப்பட்டியில் ஒட்டிய அதே பழுப்பு. உப்புக் காற்றும் தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீரும் காரை மேலே மினுக்கிவிட்டுக் கீழே துருவாகத் தின்று முடித்திருந்தன. ஓடாமல் நின்ற வருஷங்கள் எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "கட்டிப்போட்ட குதிரை" என்றார். அம்மா அந்த வார்த்தையைக் கேட்டு அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் அது மனப்பாடம்தானே.

கல்யாணப் பேச்சு பேசிய பெண்ணை அடுத்த வருஷம் வேறிடத்தில் கொடுத்தார்கள். அத்தா ஒரு ஜட்கா முதலாளியிடம் கூலிக்கு ஓட்டப் போனார். கார் லாயத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் பட்டணத்திலிருந்து பழைய கார் வாங்கி ஒட்டுவேலை செய்து விற்கிற ஆள் ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் நல்லா கீது, மேல் தகட்டைத் தட்டி பெயிண்ட் அடித்தால் போதும் என்று வாய்விட்டே கணக்குப் போட்டார். பிறகு தலையை உள்ளே விட்டு, நாங்கள் எதிர்பார்த்ததைத்தான் தேடினார். அங்கே வட்டமாக ஓர் ஓட்டைதான் இருந்தது.

"மீட்டர் எங்க பாய்?"

"புடுங்கிட்டேன்."

"அய்யய்ய, இன்னா வேலை பாய் இது! கம்மியா ஓடின வண்டின்னு சொன்னாங்க. இப்ப வாங்க வர்றவனுக்கு நான் எத்தக் காட்டுவேன்?"

"கீழ படுத்துப் பாக்கச் சொல்லு" என்றார் அத்தா.

அந்த ஆளுக்குப் புரியவில்லை. மீட்டர் இல்லை என்று விலையைக் குறைத்தார். கொடுத்த பணத்தை அத்தா எண்ணாமல் வாங்கிக்கொண்டார். கட்டை வண்டி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அத்தாவைக் கூப்பிட என்னை அனுப்பினாள். போய்ப் பார்த்தால், கார் நின்றிருந்த அந்த இடத்தில், உதிர்ந்து கிடந்த பழுப்புத் துகளின் மேல் அத்தா மல்லாந்து படுத்து லாயத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய அன்றைக்குப் படுத்திருக்க வேண்டிய மாதிரி. இரண்டு தடவை கூப்பிட்டேன், கண்ணைச் சிமிட்டினாரே தவிர எழுந்திருக்கவில்லை.