ஏரிப்பக்கக் கதவுக்கு மண்மூட்டை

புயலுக்கு முன் ஏரிக்கரையைக் கட்டிப்போடுவது, வருவாரோ மாட்டாரோ என்று தெரியாத விருந்தாளிக்குச் சமைக்கிற மாதிரி வேலை. வந்துவிட்டால் பத்தவில்லை என்பார்கள், வராவிட்டால் யார் உன்னைச் சமைக்கச் சொன்னது என்பார்கள்.

கிள்ளானுக்குப் பக்கத்தில் ஏரிக்கரைத் தாமான் ஒன்றின், அதாவது குடியிருப்பின், நிர்வாக அலுவலகத்தில் நான் இருக்கிறேன். ஏரி என்பது வீடு விற்றவர்கள் வைத்த பெயர். அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போட்ட குட்டை அது. கரையைச் சுற்றி வீடுகள், படகு கட்ட ஒரு ஜெட்டி, சனி ஞாயிறுகளில் வாடகைக்கு விடும் மிதிபடகுகள். எல்லாவற்றுக்கும் என் தலைதான் உருளும். எனக்குத் துணை காதர் அண்ணன், எங்கள் படகுக்காரர். பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்த முகமாக நின்று பிழைக்கிற யாருக்கும் என் பாடு புரியும்.

இந்த நாட்டில் புயல் அடிக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒரு டிசம்பரில் ஷா ஆலமும் கிள்ளானும் மூழ்கியதற்குப் பிறகு அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. போன மழைக்காலத்தில், தென்சீனக் கடலில் ஒரு புயல் உருவாகியிருக்கிறது, அதன் வால் நம் பக்கம் திரும்பலாம் என்று எச்சரிக்கை வந்தது. எங்கள் வேலை தொடங்கியது.

அன்னங்களை உட்காரவைத்தது

எங்கள் மிதிபடகுகள் எல்லாம் அன்னப்பறவை வடிவம். கனமே கிடையாது. பலத்த காற்றில் ஒன்று கிளம்பினால் யார் வீட்டுக் கண்ணாடியிலாவது போய் மோதும். அதனால் புயல் எச்சரிக்கை வந்தால் ஆழமில்லாத ஓரத்தில் வரிசையாகக் கட்டி, அடியில் இருக்கும் அடைப்பைப் பிடுங்கிவிடுவோம். தண்ணீர் ஏறி, படகு தரையில் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு எந்தக் காற்றுக்கும் அசையாது. வெள்ளைக் கழுத்துகளும் தலைகளும் மட்டும் வெளியே தெரியும். மேகம் மூடிய மத்தியானத்தில் அந்த வரிசையைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த நேரம் பார்த்து பங்சாரிலிருந்து ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்கோடு வந்து இறங்கியது. ஒரே ஒரு ரவுண்டு போதும் என்றார்கள். புயல் வருகிறது என்றேன். இன்னும் வரவில்லையே என்றார் அப்பாக்காரர். கடைசியில் படமாவது எடுத்துக்கொள்கிறோம் என்று ஜெட்டியில் ஏறினார்கள். எல்லாப் படகையும் மூக்கு ஏரியைப் பார்க்கத்தான் காதர் அண்ணன் கட்டியிருந்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்பாக்காரர் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினார், கரையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஏன்க்கா, எல்லாம் தண்ணியப் பாத்து உக்காந்திருக்கு, ஓரத்துல உள்ளது மட்டும் ஏன் அந்தக் கடைசி வீட்டப் பாக்குது?"

குட்டை மூச்சுவிட்டது

மழை கொட்டுவதற்கு முன் குட்டையைக் கொஞ்சம் இறக்கி வைக்கவேண்டும். அப்போதுதான் வருகிற தண்ணீருக்கு இடமிருக்கும். மதகைத் திறந்தும் போதாமல், சுங்கை பூலோவிலிருந்து பம்ப் கொண்டுவருவோம். பம்ப்காரர் பெயர் குணா. வாய் ஓயாத மனிதர். நீர் இறங்கினால் சேற்றுக்குள் அடைந்து கிடக்கும் வாயு குமிழியாக வெளியே வரும், அது எல்லா ஈயக்குட்டையிலும் உள்ளதுதான். குணாவுக்கும் அது தெரியும்.

ஆனால் அன்று குமிழி அங்கொன்றும் இங்கொன்றுமாக வரவில்லை. ஜெட்டிக்கு அடியில் தொடங்கி, கரையை ஒட்டி, ஒரே கோடாக நகர்ந்தது. மனிதன் நடக்கும் வேகம். நடுவில் நின்றது, பிறகு மறுபடி போனது. கடைசி வீட்டுப் படிக்கட்டு தண்ணீரைத் தொடும் இடத்தில் அடங்கிவிட்டது. வாயு ஏதோ பழைய பள்ளம் வழியாகப் போகிறது என்று சொன்னேன். நான் சொன்னது எனக்கே பத்தவில்லை. குணா ஹோஸைச் சுருட்டி லோரியில் போட்டார். என்ன அவசரம் என்று கேட்டதற்குச் சொன்னார்: "பயப்படாதீங்கக்கா, அது நம்மளக் கண்டுக்கல. அதுக்கு அந்த வீட்டுல ஏதோ வேலை இருக்கு."

ஒரு கதவு மட்டும்

அந்தக் கடைசி வீடு தேவகி டீச்சருடையது. மாடி கிடையாது, தாமானிலேயே தாழ்வான இடம். அவர் கணவர் மாணிக்கம் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகச் சின்னப் படகு வைத்துச் சாயங்காலம் மீன்பிடிப்பார். அதற்கு முந்தைய மழைக்காலத்தில், காற்று கிளம்புகிறதே என்று படகைக் கட்டிவைக்கப் போனார். படகு கரைக்கு வந்தது, சார் வரவில்லை. பொம்பா தீயணைப்புப் படையின் முக்குளிப்பவர்கள் பல நாள் தேடினார்கள். ஈயக்குட்டையின் அடியில் என்ன பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாமல் கருமக்கிரியை செய்யமாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள்.

வீடுவீடாக மண்மூட்டை அடுக்கிக்கொண்டு வந்தோம். டீச்சர் வாசலுக்கு அடுக்கவிட்டார், பக்கத்துக் கதவுக்கும் விட்டார். ஏரியைப் பார்த்த பின்கதவுக்கு வந்ததும் குறுக்கே நின்றுகொண்டார். தண்ணீர் வருவதே அந்தப் பக்கம்தான் டீச்சர், இதை விட்டுவிட்டு மற்றதை அடைத்து என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. தூக்கிக்கொண்டு போய்ச் சமூக மண்டபத்தில் உட்காரவைப்பேன் என்றுகூட மிரட்டினேன். பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த வீட்டில் அவர் ஒற்றை ஆளாக இருந்து, தண்ணீர் ஏறினால், அடுத்து அவரையும் தேடவேண்டியிருக்கும்.

டீச்சர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப்போனார். கதவுக்கு உள்ளே ஒரு கால்மிதி, அதன்மேல் மடித்த துண்டு, ஆணியில் ஒரு உலர்ந்த சட்டை. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே பொறுமையோடு சொன்னார்: "முன்வாசல் விருந்தாளிக்கும்மா. அவரு மீன் புடிச்சிட்டு எப்பவும் இந்தப் பக்கமாத்தான் வருவாரு, இத அடைச்சா எங்க சுத்திக்கிட்டு வருவாரு?"

டாக்டரின் கேமரா

டீச்சருக்குப் பக்கத்து வீட்டில் பல் டாக்டர் ஒருவர். தண்ணீரில் இதுவரை இறக்கியே பார்க்காத வேகப்படகு ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் அதை வரவேற்பறைக்குள் ஏற்ற ஆள் கேட்பார். இந்த முறை சோபாவை வெளியே போட்டுவிட்டுப் படகை உள்ளே வைத்தார். கேட்டதற்கு, சோபா பழசு லா என்றார்.

அவர் வீட்டு கேமரா ஜெட்டியைப் பார்க்கும். அன்று மத்தியானம், மழை தொடங்கிய நேரம், காதர் அண்ணன் கயிறு வாங்கக் கிள்ளானுக்குப் போயிருந்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. டாக்டர் போன் செய்தார். புகார் என்று நினைத்து வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். இல்லை, பாராட்டு. இந்த வேலையில் பாராட்டு வருவதே அபூர்வம், அதை வாங்கிக்கொண்டு போனை வைத்திருக்கலாம். யாரைச் சொல்கிறார் என்று கேட்டேன். அவர் சொன்னது: "அதான் உங்க வயசான ஸ்டாஃப் மேடம், தொப்பி போட்டவரு, குடைகூட இல்லாம ஒவ்வொரு கயிறா இழுத்துப் பாக்குறாரு. வெரி குட் மேன். ஆனா முழங்கால் வரைக்கும் தண்ணில நிக்கிறாரு, ஏறி வரச் சொல்லுங்க."

இன்னொரு ஜாக்கெட்

மறுநாள் புயலின் வால் திரும்பியது. காலையிலேயே விளக்குப் போடவேண்டிய இருட்டு. மதியத்துக்குள் குட்டை நாங்கள் இறக்கிய அளவை விழுங்கிவிட்டு மேலே வந்தது. சாக்கடை எதிர்த்துத் தள்ளியதில் முன்பக்கச் சாலையில் கார்கள் முங்கின. எல்லாரும் சமூக மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள், டாக்டர் உட்பட. டீச்சர் இல்லை. போன் எடுக்கவில்லை. காதர் அண்ணன் பிஸ்மி சொல்லி அலுமினியப் படகின் எஞ்சினை இழுத்தார். நானும் ஏறினேன்.

ஏரிக்கும் முற்றத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பின்கதவு அகலத் திறந்திருந்தது. டீச்சர் இடுப்பளவுத் தண்ணீரில் கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நாற்காலிகள் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கெஞ்சினேன், திட்டினேன், உங்கள் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் வராமல் நான் வரமாட்டேன் என்ற ஒரே பேச்சுதான். தண்ணீர் கண்ணெதிரே கதவில் ஒரு கம்பி உயரம் ஏறியது. இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று காதர் அண்ணன் கையை நீட்டியபோது டீச்சரின் முகம் மாறியது. எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், படகின் காலி இருக்கையைப் பார்த்தார். கம்பியை விட்டார், தானே ஏறினார். நான் மிதவை ஜாக்கெட்டை மாட்டிவிட்டதும் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். யாருக்கு என்றேன். அன்றைக்கும் இவர் ஜாக்கெட் போடாமல்தானே போனார் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் காதர் அண்ணன் உதிரி ஜாக்கெட்டை எடுத்து நீட்டிவிட்டார். டீச்சர் அதை அந்த இருக்கைப் பக்கம் திரும்பிப் பிடித்து, ஒவ்வொரு கொக்கியாகப் போட்டு, இழுத்துச் சரிபார்த்தார். எஞ்சின் திணறியது. எங்கள் மூன்று பேர் பாரத்துக்கு அந்தப் படகு அவ்வளவு அமிழாது. மழைத் தண்ணீர் நிரம்பியிருக்கும் என்று கீழே பார்த்தேன், இருந்தது ஒரு கை அளவுதான். ஜாக்கெட் இருக்கையில் சரிந்து விழாமல் நிமிர்ந்து நின்றது. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டேன், பிறகு அதுவும் பிடிக்காமல் என் கால்களைப் பார்த்துக்கொண்டேன். பாதி வழியில் டீச்சர் என் தோளைத் தட்டினார்: "கொஞ்சம் நகந்து உக்காரு லதா, அவரு கால் நனையுது." நகர்ந்து உட்கார்ந்தேன். காதர் அண்ணன் கரை வரைக்கும் திரும்பியே பார்க்கவில்லை. படகைக் கட்டும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மேடம், எல்லாரும் எறங்கியாச்சா, கயித்த இறுக்கட்டா?"

பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன்

தண்ணீர் வடிய ஒரு வாரமானது. டீச்சர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவரே கூப்பிட்டார். குரலில் அழுத தடம் இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. மோரிப் கடற்கரையில் சாருக்குக் கருமக்கிரியை முடித்துவிட்டோம், தாலியைக் கழற்றிவிட்டேன், மனசு பாரம் இறங்கிவிட்டது என்றார். வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் நீங்கள் திரும்பி வந்துவிடலாம் என்றேன்.

அடுத்த மழைக்கு மண்மூட்டை வருமா என்று கேட்டார். வரும், உங்கள் பின்கதவு தவிர மற்றதற்கெல்லாம் அடுக்குகிறோம் என்று நான் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். பிறகு டீச்சர் குரலைத் தாழ்த்தினார்: "இல்லம்மா, இனிமே அதத்தான் நல்லா அடைக்கணும். எங்க ஆள நான் கூட்டிட்டு வந்துட்டேன், இனிமே அந்தப் பக்கமா வந்து கதவத் தட்டுறது எங்க ஆளு இல்ல."

இப்போது வானம் கறுத்தால் நாங்கள் முதலில் மூட்டை அடுக்குவது அந்தக் கதவுக்குத்தான், அதுவும் இரண்டு வரிசை; தண்ணீருக்கு ஒரு வரிசையே போதும் என்பது காதர் அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.