எட்டாம் நாள் தண்ணீர்

போர்னியோத் தீவில், கடலிலிருந்து ஆற்றின் வழியாகப் படகில் மூன்று மணி நேரம் உள்ளே வந்தால் ஒரு சிறு துறைமுகம். மரம் ஏற்றும் கப்பல் இரண்டு நின்றாலே கரை நிறைந்துவிடும். அங்கே ஒரு பிளைவுட் ஆலையின் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நானும் மனைவியும் ஒரு மர வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா. கணவரை இழந்தவர், படகுத்துறையில் கயிறும் வலையும் விற்கிறார். மனைவி அவரை அக்கா, அக்கா என்று கூப்பிட்டு, இப்போது அந்தச் சொல்லுக்கு அவர் திரும்பிப் பார்க்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு. மழை அநேகமாக தினமும். குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். அதை எங்களால் நம்ப முடியவில்லை. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர். அது வருகிற அன்று வீட்டில் வேறு வேலை நடக்காது. கல்யாண அண்டாவிலிருந்து பால் சட்டிவரை நிரம்பினால்தான் உட்காருவோம். ஆகவே இங்கே வந்த முதல் மாதமே ஐந்து டிரம் வாங்கி மாடியின் பின்பக்கம் வரிசையாக வைத்தோம். எட்டு நாளைக்கு ஒருமுறை காலை ஐந்து மணிக்கு எழுந்து நிரப்பினோம். எந்த டிரம், எந்த நாள், மூடி சரியாக இருக்கிறதா என்பதை நான் டைரியில் குறித்துவந்தேன்.

பசுவந்தனையில் விவசாயம் பார்க்கும் என் மைத்துனனுக்கு இது தெரிந்ததும் போனில் ஒரே சிரிப்பு.

"என்ன அத்தான், ஆத்து மேலயே குடியிருந்துக்கிட்டு டிரம்ல தண்ணி பிடிச்சு வைக்குதீங்களாமே! இங்கன உளுந்த விதைச்சிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்த அஞ்சு டிரம்மையும் கப்பல்ல ஏத்தி விடுங்க."

"ஏலே, தண்ணி நின்னுபோச்சுன்னா நீயா கொண்டாந்து ஊத்துவ?" என்றாள் மனைவி, என் தோளுக்கு மேலிருந்து.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் டார்ச்சும் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியும். நான்கு டிரம்களில் ஒன்றுமில்லை. ஐந்தாவதிலிருந்து கரண்டியை எடுத்தபோது அதில் கொசுப்புழுக்கள் துள்ளின. அதன் மூடியில் விரிசல் இருந்தது. போன முறை நிறைந்தே இருந்ததால் நாங்கள் அதைத் தொடவில்லை. தண்ணீர் பதினைந்து நாள் நின்றிருந்தது.

உடனே கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்தோம். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டபோதுதான் வீட்டுக்காரம்மா கடைக்குப் போகவில்லை என்பது தெரிந்தது. முந்தின நாளிலிருந்து காய்ச்சலாம். தெருக்கோடியில் இருவருக்கு ஏற்கெனவே டெங்கு, இன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டார்.

நாங்களே கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். முடிவு மறுநாள் மதியம் என்றார்கள். வீட்டுக்கு வந்து டைரியை எடுத்து நாட்களை எண்ணினேன். எப்படி எண்ணினாலும் எங்கள் டிரம்மை விலக்க முடியவில்லை.

"அவியகிட்ட சொல்லிருவோம்," என்றாள் மனைவி.

"முடிவு வரட்டும்."

"நல்ல முடிவா வந்தா நீங்க சொல்லவே மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

டைரியை மூடி வைத்தேன்.

மறுநாள் காலை அவள் கஞ்சியோடு கீழே போனாள். நான் டைரியோடு பின்னால் போனேன். பாதி ஆங்கிலமும் பாதி உள்ளூர் மொழியுமாக அவள் சொல்லச் சொல்ல, நான் தேதிகளைப் படித்துக் காட்டினேன். போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் அது பூஜை இல்லையா?

எட்டு நாளைக்கு ஒருமுறை விடியும் முன் தலைக்கு மேலே தண்ணீர்ச் சத்தம் கேட்டதை, எங்கள் சாமிக்கு ஏதோ செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். தூக்கம் போனாலும் மதிப்புக் கொடுத்துச் சும்மா இருந்தாராம். வெறும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் என்று தெரிந்ததும், காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து எங்களைத் திட்டினார். ஐந்து டிரம்மும் நாளைக்கே தன் கடைக்கு வந்துவிட வேண்டும், கயிறு போட்டு வைக்க உதவும் என்றார். மனைவி தலையைத் தலையை ஆட்டினாள். எனக்கென்னவோ அந்தத் திட்டு நன்றாக இருந்தது. எட்டு மாதத்தில் அவர் எங்களை விருந்தாளிகளாக நடத்தாத முதல் நாள் அது.

மதியம் மூன்று பேரும் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். டெங்கு இல்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல். உடம்புச் சூடும் குறைந்திருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும். நான் தாளை வாங்கிப் பெயரைச் சரிபார்த்தேன். பிறகு இன்னொரு முறை சரிபார்த்தேன். மனைவி தாளை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க. நானும் ஒருக்கா பாத்துக்கிடுதேன்."

திரும்பும்போது வீட்டுக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படகுத்துறை முனையில் நின்று வாழைப்பழம் பொரித்தது ஒரு பொட்டலம் வாங்கச் சொன்னார். இரண்டு நாளாக ஒன்றும் இறங்காத வாய். முதல் துண்டை ஊதி ஊதித் தின்றார். இரண்டாவதையும் எடுத்தார்.

"சாப்பிடுதாவ, பாருங்க," என்று மெதுவாகச் சொன்னாள் மனைவி.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் மூன்றாவதுக்குக் கையை நீட்டினார்.