வீராசாமி வீட்டுக் கூழ்

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு போடுகிற பெண், எந்த ஊர் என்று கேட்டாள். வாய் தன்பாட்டுக்குப் பூந்தமல்லி என்றது. நான் இருப்பது வானகரம். பிறந்தது பூந்தமல்லிக்கு மேற்கே, வயலுக்கு நடுவில் கிடந்த ஒரு சின்ன ஊர். சொல்லிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மருந்து விட்ட கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து, கிழவன் அழுகிறான் என்று அந்தப் பெண் பயந்துவிட்டாள்.

சிரிப்புக்குக் காரணம், தென்னாப்பிரிக்காவில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சரம்மா. தொண்ணூறுகளில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினேன். பஸ் புகையும் பூக்கடை மல்லியும் சேர்ந்து ஒரு வாசனை வரும், அது வேறெங்கும் கிடையாது. அந்த வாசனைக்குள் வந்து இறங்கினார் அந்த அம்மா. கையில் ஒரு ஜெராக்ஸ். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதி வைத்த பதிவாம். வீராசாமி, தகப்பன் சின்னத்தம்பி, ஊர் பூந்தமல்லி. அம்மாவுக்குக் கொள்ளுத்தாத்தா. அங்கே அப்பா படுத்த படுக்கை. கண்ணை மூடுவதற்குள் நம்ம ஊர் எது என்று தெரிய வேண்டும் என்று மகளை அனுப்பியிருந்தார்.

தெருத் தெருவாகச் சுற்றினோம். ஒருவருக்கும் தெரியவில்லை. நானாக இருந்தால் மறுநாளே மூட்டை கட்டியிருப்பேன். அவர் முகம்கூடச் சுருங்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட எங்கள் ஊருக்கே கூட்டிப்போனேன். வழியில் கேட்டார்: "நீங்க பூந்தமல்லின்னு சொன்னீங்களே?"

"மெட்ராஸ்ல கேட்டா அப்டித்தாம்மா சொல்றது. எங்க ஊரு பேரு யாருக்குத் தெரியும்?"

ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். "அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்" என்றார். காலமெல்லாம் அப்படியே சொல்லித் திரிந்தவன் நான், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பிறகு சுற்றுப்பட்டு ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆடி மாசம். ஏரிக்கரை அம்மன் கோயில் ஒன்றில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே வீட்டுக்கு வீடு பழைய தலைக்கட்டுப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். ஆள் போய் எத்தனை காலமானாலும் பெயர் மாறாது. அந்த வீட்டார் வந்து ஏந்திக்கொள்வார்கள். பூசாரி "சின்னத்தம்பி மவன் வீராசாமி ஊடு" என்றார். யாரும் வரவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு, கூழை வேப்பமரத்தடியில் ஊற்றப் போனார். அதுவும் வழக்கம்தானாம்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். காகிதத்தை நீட்டினார்.

"எனுக்குப் படிக்கத் தெரியாதும்மா. இன்னா கீது அதுல?"

பூசாரி என்னைப் பார்த்தார். நானும் அதே பள்ளிக்கூடம். அம்மாவே படித்தார். பெயர், தகப்பன் பெயர், இடது முழங்காலில் தழும்பு.

"இம்மா நாளா மரத்துக்கு ஊத்திகினு கீறோம்" என்றார் பூசாரி. "எங்கம்மா போயிட்டீங்க எல்லாம்? புடி."

சாயங்காலம் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேசினார். அந்தப் பக்கம் அவர் அப்பா அந்த ஊர்ப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொன்னது, வெளியே நின்ற எனக்கே கேட்டது.

கிளம்பும்போது, இனிமேல் எங்க வீட்டுக் கூழை நீங்க போய் வாங்குங்க என்றார். பல வருஷம் வாங்கினேன்.

இப்போது வயலெல்லாம் மனையாகிவிட்டது. கோயில் பெரிசு, அண்டா பெரிசு. பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் இல்லை. போன ஆடியில் வரிசையில் நின்று, பிளாஸ்டிக் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். யார் வீட்டுக்காகக் குடித்தேன் என்று கேட்க அங்கே ஆளில்லை.