கட்டில் நோயாளிக்கு

சொகோரோ தூன், அர்ஜென்டினாவில் ரொசாரியோ நகரத்துச் சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், சுவரைத் தடவிப் பார்த்தது. பெட்டியைக் கீழே வைத்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், தோள் உயரத்தில் உள்ளங்கையை வைத்து மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டே போனாள். இரண்டு இடத்தில் விரல் முட்டியால் தட்டினாள். எதிர்ச் சுவர் வரைக்கும் அடி வைத்து அளந்தாள்.

உடைந்த இடுப்பெலும்புக்கு அறுவை முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சம்பந்தி நெல்லி, அந்த அறையில்தான் படுத்திருந்தாள். கடித்துவிட்டு எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தாலும் இனிக்காத நெல்லி அவள்.

"என்ன சம்பந்தியம்மா, தூசு இருக்கான்னு பாக்குறீங்களா? இல்ல வீடு என்ன விலைக்குப் போகும்னு பாக்குறீங்களா?"

"கொக்கி எங்க இருக்குன்னு பாக்குறேன்."

"கொக்கியா? எதுக்கு, என்னைத் தொங்க விடவா?"

அதற்குள் சொகோரோவின் மகள் யமிலி ஓடி வந்து, அம்மாவின் தோளைப் பிடித்துப் பின்கட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பகை அங்கேயே முளைத்துவிட்டது.

சொகோரோ பிறந்து வளர்ந்தது மெக்சிகோவில், யுகதான் பக்கத்துத் திசிமினில். அங்கே கொத்தனார் ஜன்னலுக்கு இடம் குறிக்கும் முன்பே கொக்கிக்கு இடம் குறிப்பார். அறைக்கு அறை, எதிரெதிர்ச் சுவர்களில் இரும்புக் கொக்கி இருக்கும். ராத்திரி அதில் தூளியை மாட்டுவார்கள், காலையில் சுருட்டி ஆணியில் போடுவார்கள். குழந்தைத் தூளி இல்லை. வளர்ந்த ஆள் குறுக்காகப் படுத்துக் கை காலை நீட்டிக்கொள்கிற, மெல்லிய நூலில் வலை போலப் பின்னிய தூளி. கொக்கி இல்லாத வீடும் உலகத்தில் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், கதவில்லாத வீடு என்று கேட்ட மாதிரிச் சிரித்திருப்பாள். அதனால்தான் தூளியையும் கயிற்றையும் பெட்டியில் வைத்தவள் கொக்கியை வைக்கவில்லை.

கட்டிலைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரியும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி எடுத்து, தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்தவள். கட்டிலில் கிடந்தவர்களைப் புரட்டிப் போட்டிருக்கிறாள், புண்ணுக்கு மருந்து வைத்திருக்கிறாள், கண்ணை மூடிவிட்டிருக்கிறாள். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்த் தூளியில் விழுவாள். கட்டில் நோயாளிக்கு, தூளி மனுஷனுக்கு. அவளைப் பொறுத்தவரை உலகம் அப்படித்தான் பிரிந்து கிடந்தது.

மகள் கூப்பிட்டபோது நோயாளி என்ற பேச்சே வரவில்லை. "ஆறு மாசம் வந்து இரும்மா, அர்ஜென்டினாவைச் சுத்திப் பாக்கலாம்" என்றுதான் சொன்னாள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில்தான் மாமியார் விழுந்த கதை வந்தது.

"முன்னாடியே சொன்னா நீ வந்திருக்க மாட்டே" என்றாள் யமிலி.

"வந்திருப்பேன். கையுறையும் என் பழைய செருப்பும் எடுத்துட்டு வந்திருப்பேன். இப்ப கால்ல இருக்கிற இதுல வழுக்கி விழுந்தா நான் ஒரு கட்டில், அவங்க ஒரு கட்டில்."

பின்கட்டு அறை பிற்பாடு எடுத்துக் கட்டியது. சுவர் என்ற பெயரில் ஜிப்சம் பலகை நின்றது. உள்ளே ஒரு கட்டில், அதன்மேல் ஆள் அமிழ்ந்து போகிற மெத்தை. சொகோரோ அதில் படுப்பாள், நடுவில் குழி விழும், இடுப்பு உள்ளே போகும், முதுகு வில்லாகும். எழுந்து நாற்காலியில் உட்காருவாள். மறுபடி படுப்பாள். விடிந்ததும் அந்த முதுகோடு போய் நெல்லியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைப்பாள், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்குத் தூக்கிப்போவாள்.

மற்றவற்றை அவள் பொறுத்துக்கொண்டாள். மிளகாய் இல்லாத சாப்பாட்டைப் பொறுத்தாள். மிளகை ஒரு சிட்டிகை போட்டதற்கே நெல்லி நாக்கை நீட்டிக் காட்டி டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். சாயங்காலக் குளியலையும் விட்டுக்கொடுத்தாள். "தினம் ரெண்டு வேளை குளிக்கிற அளவுக்கு அப்படி என்ன அழுக்கு?" என்று கேட்ட பிறகு குழாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கசப்பு இலையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஒரே குவளையில் ஒரே உறிஞ்சு குழலைப் போட்டு, வீடே சுற்றிச் சுற்றிக் குடிக்கிற மாத்தே.

"எச்சில்" என்றாள் சொகோரோ. "எல்லாருக்கும் ஒரே குழல். நான் வேலை பாத்த இடத்துல இதுக்கு மெமோ குடுப்பாங்க."

"என் வீட்டுல என் கையால நீட்டுறதை யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல."

"நான் சொல்றேன்."

நெல்லியின் மகன் தமியான் சுவரைப் பார்த்துக்கொண்டு குழலை உறிஞ்சினான். நல்ல பையன், ஆனால் இரண்டு பெண்கள் சண்டை போட்டால் அவனுக்குக் காது அடைத்துவிடும்.

ஒரு மத்தியானம், வீடே படுத்திருந்த நேரத்தில், சொகோரோ கடையில் வாங்கி வந்த இரண்டு கொக்கிகளைப் பின்கட்டுப் பலகையில் திருகினாள். சுலபமாக உள்ளே போனது. அத்தனை சுலபமாகப் போனதே சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தூக்கமில்லாத மண்டைக்குத் தோன்றவில்லை. தூளியைக் கட்டி உட்கார்ந்தாள். ஒரு மூச்சு விடுவதற்குள், ஒரு பக்கக் கொக்கி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுவரையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அவள் குத்திட்டு விழுந்தாள், வால் எலும்பு தரையில்.

"இடிச்சுட்டாளா?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "கூரை இருக்கா, அதுவும் போச்சா?"

சாயங்காலம் எல்லோரும் நெல்லியின் கட்டிலைச் சுற்றி நிற்க, விசாரணை நடந்தது.

"எனக்குத் தூளியிலதான் தூக்கம் வரும். ஊர்ல எல்லாரும்..." என்று சொகோரோ ஆரம்பித்தாள்.

"ஊர்லயா?" நெல்லி மருமகளைப் பார்த்தாள். "கல்யாணமான புதுசுல நானே கேட்டேனே. உங்க பக்கம் வலையில தொங்கிக்கிட்டுத் தூங்குவீங்களாமேன்னு. நீ என்ன சொன்னே? எங்க வீட்டுல செதுக்கின மரக்கட்டில், தூளியெல்லாம் கைக்குழந்தைக்குன்னு சொன்னியா இல்லையா?"

யமிலி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். சொகோரோவுக்கு அது புரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"கட்டில்தான் அத்தை" என்றாள் யமிலி. "அம்மாவுக்கு வயசாச்சு. ஏதோ ஆசை."

சமையலறையில் சொகோரோ மகளை மடக்கினாள். "செதுக்கின மரக்கட்டிலா? எந்த வீட்டுல? பிறந்ததுலேர்ந்து விமானம் ஏறுற வரைக்கும் தூளியில கிடந்தவ நீ."

"அவங்க எப்படிக் கேட்டாங்கன்னு உனக்குத் தெரியாது. என்னமோ நான் மரத்துலேர்ந்து இறங்கி வந்தவ மாதிரி கேட்டாங்க. நான் இந்த வீட்டுல வாழணும், நீ போயிடுவே."

"போற வரைக்கும் நான் தூங்கணும்."

"மாத்திரை வாங்கித் தர்றேன்."

"மாத்திரை போட்டுட்டு உன் மாமியாரைத் தூக்கினா ரெண்டு பேரும் விழுவோம்."

"என் மானத்தை வாங்காதம்மா. அவ்வளவுதான் கேக்குறேன்."

மறுநாள் காலையில் சொகோரோவால் குனிய முடியவில்லை. நெல்லியின் கட்டில் அருகே நாற்காலியைப் போட்டு, விறைப்பாக உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு உங்களைத் தூக்க முடியாது. பாதியில கை விட்டுடும். விட்டா வச்சுத் தைச்சதெல்லாம் வீணாப் போயிடும். பெட்பேன் வைக்கிறேன்."

"அந்தக் கருமத்துல நான் உக்கார மாட்டேன்."

"அப்ப படுக்கையில போங்க. துணி மாத்துறேன்."

"நடிக்கிறீங்க."

"நடிச்சா இதைவிட நல்லா நடிப்பேன்."

நெல்லி பெட்பேனில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த நேரம் முழுக்க, சொகோரோவின் குலத்தையும் திசிமினையும் மெக்சிகோவையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்தாள். சொகோரோ காதில் வாங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய செங்கல் சுவர். ஒரு கையளவு கனம். யானையையே கட்டலாம்.

"இந்த அறையில ரெண்டு கொக்கி அடிச்சுக்கிறேன். தூங்கினா முதுகு சரியாகும், முதுகு சரியானா உங்களைத் தூக்குவேன்."

"என் வீட்டுச் சுவர்ல, உங்க ஆசைக்கு ஓட்டையா? ஊர்ல கட்டில்ல படுக்கிறவங்களுக்கு இங்க மட்டும் எதுக்குத் தூளி? உங்க பொண்ணே சொல்லிட்டாளே."

சொகோரோ பெட்பேனை எடுத்துப்போய்க் கொட்டினாள். கழுவினாள், இன்னொரு தடவை கழுவினாள். அழுக்கு எப்போதோ போயிருந்தது. உண்மையைச் சொன்னால் மகளின் பேச்சு இந்த வீட்டில் செல்லாக்காசாகும். சொல்லாவிட்டால் இந்த முதுகு போகும், முதுகு போனால் கை நழுவி இந்தக் கிழவியும் போவாள். மகள் மானம் இல்லாமல் ஒரு நோயாளியைத் தூக்கிவிடலாம். முதுகு இல்லாமல் தூக்க முடியாது.

திரும்பி வந்தாள்.

"அவ பொய் சொன்னா."

நெல்லியின் முகத்தில் ரத்தம் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அந்த முகத்தில் அப்படி ஒரு தெம்பு இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எங்க வீட்டுல கட்டிலே கிடையாது. அவளும் தூளி, நானும் தூளி, செத்த என் புருஷனும் தூளி. போதுமா?"

"அப்ப செதுக்கின மரம்?"

"கதவுக்கே மரம் இல்ல. தகரம்."

நெல்லி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திருப்தியாகச் சாப்பிட்டவள் மாதிரி இருந்தது. "தமியான் கிட்ட ட்ரில் மெஷின் இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம், வேலை முடிந்து யமிலி வந்து மாத்தேக் குவளையைக் கையில் வாங்கும் வரை நெல்லி காத்திருந்தாள்.

"ஏம்மா ராணி, உன் செதுக்கின கட்டில் தகரக் கதவுல நுழைஞ்சுச்சா? இல்ல கழட்டி மாட்டினீங்களா?"

யமிலி குவளையை மேசைமேல் வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெல்லி அதோடு விடவில்லை. தினமும் ஒரு தடவையாவது கட்டிலைப் பற்றி எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லியின் அறைச் சுவரில் தமியான் துளை போட்டான். "எவ்வளவு எடை தாங்கணும் அத்தை?"

"என்னைத் தாங்கணும் மாப்ள. கூச்சப்படாம ஆழமா ஓட்டுங்க."

சொகோரோ தூளியைக் கட்டினாள். ரொசாரியோக் குளிர் கீழிருந்து ஏறும் என்பதால் கம்பளியை முதலில் உள்ளே விரித்தாள். நடுவில் கை வைத்து விரித்து, குறுக்காகச் சாய்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். கட்டிலிலிருந்து நெல்லி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், விழுவாள் என்ற நம்பிக்கையில். சொகோரோ விழவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுப்பினார்கள், எழவில்லை. விளக்கு போடும் நேரத்தில்தான் கண் விழித்தாள்.

"கீச் கீச்சுன்னு ஒரே சத்தம்" என்றாள் நெல்லி. "அதோட குறட்டை. எண்ணெய் போடுங்க."

"எண்ணெய் பட்டா கயிறு இத்துப்போகும்."

"அப்ப கழட்டுங்க."

"எந்திரிக்கணுமா வேண்டாமா?"

நெல்லிக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. சொகோரோ முட்டியை மடக்கி, முதுகை நேராக்கி, கிழவியின் அக்குளில் கையைக் கொடுத்தாள். அந்த நேரத்தில் யமிலி வாசலில் வந்து நின்றாள்.

"நல்லாத் தூங்கினியாம்மா?"

"தூங்கினேன்."

"என்னை வித்துட்டு."

"ஆமா."

யமிலி அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. அம்மா அழுவாள், சமாதானம் சொல்லுவாள், அதற்குப் பதில் கொடுக்கலாம் என்று தயாராக வந்திருந்தாள். "நீ வராமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

"இருந்திருக்கலாம். இப்ப அந்தப் பக்கத்தைப் பிடி. அங்க இல்ல, முழங்கைக்குக் கீழ."

"அம்மாவும் பொண்ணும் சண்டை போடுறதுன்னா என்னை முதல்ல உக்கார வச்சுட்டுப் போடுங்க" என்றாள் நெல்லி, இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு.

யமிலி பிடித்தாள். நெல்லி நின்றாள். மூன்று பேரும் கழிப்பறைப் பக்கம் நகர்ந்தார்கள்.