துப்பாக்கிக்கு ஒரு நாய்

மாமனார் எங்களுக்கு விட்டுப்போனது ஒரு பழைய துப்பாக்கி. அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் இந்தத் துப்பாக்கி எந்தச் சண்டையிலும் அவர் கையில் இருந்ததில்லை. இங்கே பிரெஞ்சு நாட்டில், செவ்ரான் என்ற ஊரில் ஒரு வீட்டைக் காலிசெய்தவர்களிடம் வாங்கி, அழகுக்காக மாட்டியிருந்தார். நூறு வருடத்துக்கு மேல் பழையது என்பதால் அனுமதிப் பத்திரம் தேவையில்லை என்று நான் காவல் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மறுநாள் இன்னொரு காவல் நிலையத்திலும் கேட்டேன்.

குழலின் துருவை எண்ணெயும் இரும்புப் பஞ்சும் கொண்டு எடுத்தேன். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன், ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. தொலைந்திருந்த திருகாணி பழைய பொருள் சந்தையில் அகப்பட்டது. ஒரே ஒரு உறுப்புதான் கிடைக்கவில்லை: விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கிற, வளைந்த கழுத்துள்ள இரும்புத் துண்டு. தமிழில் அதைக் குதிரை என்பார்கள். பிரெஞ்சில் ஷியான், அதாவது நாய்.

அப்பாவின் துப்பாக்கி எங்கள் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. விற்றுவிட வேண்டும் என்பது அவளுடைய அண்ணனின் எண்ணம். மாமனாரின் முதல் திவசம் நெருங்கியபோது ஓல்னேயிலிருந்து அவர் போன் செய்தார்.

"ஒடஞ்ச சாமானுக்கு எதுக்கு இவ்ளோ பாடு? தெவசத்துக்குள்ள ஷியான் வந்துச்சுன்னா துப்பாக்கி உங்க வீட்லயே இருக்கட்டும். வரலன்னா நான் எடுத்துட்டுப் போய்டுவேன்."

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் எல்லோரையும் அறிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவைக்கப் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் யாழ்ப்பாணத்தான், எங்கள் பேச்சில் துப்பாக்கி என்றால் துவக்கு. அந்தச் சொல்லை, அதுவும் ஊரில் போர் நடந்த அந்த வருடங்களில், நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய்விட்டுச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. உறுப்பின் பெயரை மட்டும் பிரெஞ்சில் சொல்லிக் கேட்டேன்.

"அண்ணை, எனக்கொரு ஷியான் வேணும். எங்கையும் கிடைச்சால் சொல்லுங்கோ."

"குட்டியோ?"

விளங்கிக்கொண்டுதான் பகடி செய்கிறார் என்று எண்ணினேன்.

"இல்லை அண்ணை, நல்ல பழசு. பிரெஞ்சுதான் வேணும், ஜெர்மன் சரிவராது."

"பழசை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"சும்மா, பார்வைக்கு. கழுத்து வளைஞ்சிருக்கோணும். பின்னுக்கு இழுத்தால் அசையாமல் நிக்கோணும், விட்டால் ஒரே பாய்ச்சல்."

"வீட்டிலை ஆக்களுக்குப் பயமில்லையோ?"

"ஆரும் அதைத் தொடமாட்டினம் அண்ணை."

"பாவம்," என்றார்.

திவசத்தன்று ஐயர் போன பிறகு, மச்சான் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கிப் போர்வையில் சுற்றத் தொடங்கினார். அப்போது வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கடைக்காரர். அவர் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், தலையை ஒருபக்கம் சாய்த்தபடி ஒரு கிழட்டு நாய்.

"மார்க்ஸ் டோர்மோய் தெருவிலை இருக்கிற பிரெஞ்சுக் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போறா. அங்கை நாய் எடுக்கமாட்டினமாம். கழுத்திலை வாதம், நீங்கள் கேட்ட வளைவுதான்," என்றார். "பாய்ச்சல்தான் இல்லை. அதுக்கு மேலை என்னாலை ஏலாது."

நான் அவர் காதோடு விஷயத்தைச் சொன்னேன்.

"துவக்குக்கோ?" என்று அவரும் கிசுகிசுத்தார். பிறகு சற்று யோசித்தார். "நல்லகாலம், தமிழிலை கேக்கேல்லை. குதிரைக்கு நான் எங்கை போறது?"

மன்னிப்புக் கேட்டு நாயைத் திருப்பி அனுப்பவிருந்தேன். மனைவி என்னை விலக்கிவிட்டு முன்னே வந்தாள்.

"ஷியான் வந்துடுச்சு. துப்பாக்கிய மாட்டுண்ணா."

"ஏய், இது நாய்டி."

"ஷியான்னுதான சொன்ன? தெவசத்துக்குள்ளன்னு சொன்ன. இன்னும் எலகூடப் போடல."

"நான் சொன்னது துப்பாக்கியோட ஷியான்."

"அப்டின்னு சொன்னியா?"

மச்சான் நகராட்சி அலுவலகத்தில் வேலை செய்தவர். விதியில் உள்ள சொல்லுக்கு அப்பால் எதுவும் கிடையாது என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர். போர்வையைப் பிரித்து, துப்பாக்கியைத் தன் கையாலேயே ஆணியில் மாட்டினார். குதிரை இருக்கவேண்டிய இடத்தில் சதுரமான இரும்புமுனை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. மனைவி இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, இப்படியே இருக்கட்டும் என்றாள்.

நாய் வடை தின்னுமா என்று கேட்டது மச்சான்தான்.