எழுந்து நடக்கச் சொன்ன போன்

அம்பிட்டிய ஊர்ச் சுவக்கின் கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறவர். அந்தோனியார் திருநாள் ஊர்வலத்தில் புனிதரின் சிலை வைத்த சுரூபக் கூட்டை முன்னால் சுமக்கும் தோள் எப்போதும் அவருடையதுதான். போன வருடக் கடைசியில் நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் படுத்தாரோ இல்லையோ, அந்தத் தோளுக்கு ஆபத்து வந்தது. "டாக்டர் சரின்னு சொன்னாத்தான் சுவக்கின், கூட்டைத் தொடலாம்," என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கிளினிக்கில் தினமும் நடக்கச் சொல்லி, சுவக்கின் கையில் ஒரு கறுப்புப் பட்டியைக் கட்டி, போனோடு பொருத்திவிட்டார்கள். அவர் நடப்பதை அது கிளினிக்குக்கு அறிவிக்குமாம். சுவக்கினும் சொல் தவறாமல் காலையில் கோயிலுக்குப் பக்கத்து மேட்டில் ஏறி இறங்கினார்.

அப்புறம் தினமும் போனில் ஒரு செய்தி வரத் தொடங்கியது: 'எழுந்து நடங்கள்.' கோயில் வாட்ஸ்அப் குழுவில் காலைதோறும் வேதவசனம் வருவது வழக்கம். இதுவும் அதுதான் என்று நினைத்து அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "பாரு மேபல், முடவனுக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை!" என்று மனைவிக்குக் காட்டி, 'ஆமென்' என்று பதிலும் போட்டார்.

திருநாள் நெருங்கியபோது இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். நர்ஸ் நிலூஷா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"அங்கிள், நீங்க நடக்கவே இல்லியே! தெனமும் மெசேஜ் போட்டோமே, எழுந்து நடங்கன்னு?"

"ஐயோ மிஸ்ஸி, அது நீங்க அனுப்பினதா!"

"பின்னே? நாங்க திட்டத் திட்ட நீங்க ஆமென் போடுறீங்க. டாக்டர் சிரிச்சே களைச்சுட்டாரு."

"நடக்கத்தான் செய்றாரு மிஸ்ஸி," என்றார் மேபல். "நானே கூடப் போறேனே."

"எங்க, நடந்து காட்டுங்க."

சுவக்கின் தினமும் போலவே செபமாலையை எடுத்து, இரு கைகளையும் நெஞ்சோடு கூப்பிக்கொண்டு நடந்தார். கால் போனது, கை கல்லாக நின்றது.

நிலூஷா தலையில் கை வைத்தாள். "கை ஆடினாத்தான் அங்கிள் பட்டிக்குத் தெரியும்! வீசி நடங்க."

"செபமாலை சொல்லிக்கிட்டு கையை வீசுறதா? மாதா என்ன நெனைப்பாங்க?"

அவள் யோசித்துப் பார்த்து, பட்டியைக் கழற்றிக் கணுக்காலில் கட்டினாள்.

"எனக்கு ஒரு கொலுசு வாங்கித் தர இவருக்கு மனசு வரல," என்றார் மேபல். "இப்ப பாருங்க, மாப்பிள்ளைக்குக் கொலுசு!"

பட்டி அதன்பிறகு உண்மையைச் சொன்னது. டாக்டர் நெஞ்சையும் சோதித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: சமதரையில் தோள் கொடுக்கலாம், மேட்டில் கூடாது.

திருநாளன்று கோயில் வாசலிலிருந்து பாதை வளைவு வரைக்கும் சுவக்கின் சுமந்தார். அங்கிருந்து மேடு. பக்கத்துத் தோள்காரன் றொட்னி கிசுகிசுத்தான்: "அண்ணே, இன்னும் கொஞ்சம் வாங்க. டாக்டரா பாக்குறாரு?"

சுவக்கினுக்கு ஆசை வரத்தான் செய்தது. "அடுத்த வருஷமும் நான் வரணும்டா," என்று தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நடந்தபடி செபத்தைத் தொடங்கினார். மேட்டில் சுமந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது, பதில் செபம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. முன்பாதியும் பின்பாதியும் சுவக்கினே சொல்லிக்கொண்டு மேலே ஏறினார்.